ஒற்றைப் பாதையும் ஒரே டோக்கனும்

நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு இருப்புப் பாதை 1862-இல் வந்து சேர்ந்தது. அதை அமைத்த கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்னும் கம்பெனி, 1874-இல் கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று. பிற்காலத்தில் அந்த ரயில்வே திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டது. 1928-இல் பொன்மலைப் பணிமனையும் எழுந்தது. விழுப்புரத்திலிருந்து அரியலூர், திருவரங்கம் வழியாக வரும் கார்டு லைன் எனப்படும் குறுக்குப் பாதை 1920களின் பிற்பகுதியில் போடப்பட்டபோது, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு நகரமும் பாலங்களால் அந்த வலைப்பின்னலில் இணைந்தது. செலவைக் கருதி இவை பெரும்பாலும் ஒற்றைப் பாதைகளாகவே அமைந்தன. எதிரெதிராக வரும் வண்டிகள் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொண்டும் மோதாமல் செல்வது எப்படி என்ற கேள்விக்கு ரயில்வே கண்ட விடை, பின்னாளில் கணினி அறிவியல் எதிர்கொண்ட ஒரு பெருஞ்சிக்கலின் விடையாகவும் ஆயிற்று.

தொடக்கத்தில் அந்த விடை தந்தியை நம்பியிருந்தது. அடுத்த நிலையத்தைக் கேட்டு 'லைன் கிளியர்' பெற்று, அதைத் தாளில் எழுதி ஓட்டுநரிடம் கொடுத்தால் வண்டி புறப்படும். ஆனால் பாதை காலியாக உள்ளதா என்று கேட்பதும் வண்டியை அனுப்புவதும் தனித்தனிச் செயல்களாக இருந்ததால், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் பிழை நுழைய இடம் இருந்தது. இங்கிலாந்தில் நாரிச் அருகே தோர்ப் என்னுமிடத்தில் 1874 செப்டம்பர் 10 அன்று, எதிர்முனை வண்டியை வரச் சொல்லும் செய்தி அதிகாரியின் கையெழுத்துக்கு முன்பே தந்தியில் போய்விட, இம்முனையிலிருந்தும் ஒரு வண்டி புறப்பட்டது. மோதலில் 25 பேர் இறந்தனர்.

அந்த விபத்தை அடுத்து எட்வர்ட் டயர் 1878-இல் உருவாக்கிய மின் டேப்லெட் கருவி, அனுமதியைச் சொல்லாக விடாமல் கையில் பிடிக்கும் பொருளாக மாற்றியது. அதே கொள்கையில் பிறந்த நீல் பந்து டோக்கன் கருவி இந்திய ரயில்வேயில் பரவலாகப் பயன்பட்டது. அடுத்தடுத்த இரு நிலையங்களில் வைக்கப்பட்ட இரண்டு கருவிகள் கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டிலுமாகப் பல எஃகுப் பந்துகள் இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் வெளியே வரும். முந்தைய வண்டி முழுதாக வந்து சேர்ந்ததைக் கடைசிப் பெட்டியின் அடையாளத்தால் உறுதிசெய்துகொண்ட எதிர்முனை ஸ்டேஷன் மாஸ்டர் இசைந்தால்தான் பந்தை எடுக்க முடியும். எடுத்த பந்து மீண்டும் இரண்டில் ஒரு கருவிக்குள் போகும்வரை இரு முனைகளும் பூட்டிக்கொள்ளும். பந்தைத் தோல்பையில் இட்டு, வளையத்தில் மாட்டி, நிற்காமல் செல்லும் வண்டியின் ஓட்டுநரிடம் நீட்டுவார்கள். அவர் அதில் பொறித்த நிலையப் பெயர்களைச் சரிபார்த்த பிறகே அந்தப் பகுதிக்குள் செல்வார். அடுத்தடுத்த பகுதிகளின் பந்துகள் வேறு வேறு அமைப்பு உடையவை என்பதால், ஒரு பகுதியின் பந்து மறுபகுதியின் கருவிக்குப் பொருந்தாது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் இதே சிக்கல் கணினிக்குள் எழுந்தது. ஒரே நிரலுக்குள் ஒரே காலத்தில் இயங்கும் செயல்தொடர்கள் இழைகள் எனப்படும். அவை நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. முன்பதிவு நிரல் ஒன்றில் இரண்டு இழைகள் கடைசி இருக்கை காலியாக இருப்பதை ஒரே நேரத்தில் படித்துவிட்டு, அடுத்தடுத்து அதைப் பதிவு செய்தால் ஓர் இருக்கை இருவருக்குப் போகும். தோர்ப்பில் நேர்ந்ததைப் போல இங்கும் சரிபார்த்தலுக்கும் செயலுக்கும் இடையில் இடைவெளி விழுகிறது. இதைத் தடுத்து இழைகளை ஒழுங்குபடுத்துவதே ஒத்திசைவு. நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1965-இல் இச்சிக்கலைத் துல்லியமாக வரையறுத்து வெளியிட்டார். தாம் வகுத்த கருவிக்கு ரயில்வேயின் கைகாட்டி மரத்தைக் குறிக்கும் செமஃபோர் என்ற பெயரையே இட்டார். செமஃபோர் என்பது ஓர் எண்ணிக்கை: நுழையும் இழை அதில் ஒன்றைக் குறைக்கும், வெளியேறும் இழை ஒன்றைக் கூட்டும், எண்ணிக்கை சுழியானால் வருவது காத்திருக்கும். எண்ணிக்கை ஒன்றில் தொடங்கினால் அது ஒற்றைப் பாதையின் டோக்கனுக்கு இணையான பூட்டு. நிலையத்தின் பல தடங்களைப் போலப் பல இடங்கள் இருந்தால் எண்ணிக்கை அதற்கேற்பத் தொடங்கும்.

பூட்டைப் பார்ப்பதும் எடுப்பதும் இரண்டு செயல்களாக இருந்தால் பழைய ஆபத்து திரும்பிவிடும். ஆகவே நினைவகத்தின் ஒரு மதிப்பைப் படித்து மாற்றும் வேலையை இடையூறின்றி ஒரே வீச்சில் முடிக்கும் கட்டளையைச் செயலிகளே வழங்குகின்றன. நீல் கருவியில் மின்னிணைப்பு செய்த வேலையும் இதுவே. பூட்டு மட்டும் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் ரயில்வே முன்பே அறிந்திருந்தது. ஒரு நிலையத்தின் தடங்கள் அனைத்தும் நிரம்பியபின் இருபுறமிருந்தும் வண்டிகளை அனுப்பினால், ஒவ்வொன்றும் மற்றொன்று விலகுவதற்காக முடிவின்றிக் காத்து நிற்கும். கணினியில் இதற்கு முட்டுநிலை என்று பெயர். இதைத் தவிர்க்க, வண்டிகள் எங்கே கடக்க வேண்டும் என்பதை ரயில்வேயில் வண்டி ஓட்டத்தை மேற்பார்வையிட்ட கன்ட்ரோலர் முன்கூட்டியே தீர்மானித்தார். நிரலாளரோ, எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே வரிசையில் எடுக்க வேண்டுமென்று விதிக்கிறார்.

கார்டு லைன் இன்று அகலப்பாதையாகவும் இரட்டைப் பாதையாகவும் மாறிவிட்டது. பந்துகளின் இடத்தை அச்சு எண்ணும் மின்னணுக் கருவிகள் எடுத்துக்கொண்டன. மனிதரின் கவனத்தையும் நினைவாற்றலையும் மட்டும் நம்பாமல், பகிரும் பொருளுக்கான உரிமையைப் பிரிக்க முடியாத ஒற்றை அடையாளத்தில் வைக்க வேண்டும் என்பதும், ஒருவர்கூட அதைப் பெறாமல் உள்ளே செல்லக் கூடாது என்பதும் அப்படியே நிலைத்துள்ளன. பூட்டைப் பெறாமல் பகிர்ந்த தரவைத் தொடும் ஒரே ஓர் இழை மற்ற எல்லா இழைகளின் ஒழுங்கையும் வீணாக்கிவிடும் என்பதால், இவ்விதியைத் தம் அன்றாடப் பணியாகக் கடைப்பிடித்த ஸ்டேஷன் மாஸ்டர்களும் பாயிண்ட்ஸ்மேன்களும் ஓட்டுநர்களும் கணினி அறிவியலின் வரலாற்றில் முன்னோடிகளாக இடம்பெறத் தகுந்தவர்கள்.