நரம்புக் கணத்தாக்கக் கொள்கை: ஒரு வரலாற்றுக் குறிப்பு

நரம்புக் கணத்தாக்கத்தின் அயன் விளக்கத்தை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு பெயர்களுடன் பாடநூல்கள் முடித்துவிடுகின்றன. வரலாறு அத்துணை எளிதன்று.

1902இல் ஜேர்மனியரான பேர்ண்ஸ்ரைன், ஓய்விலுள்ள நரம்பின் மென்சவ்வு பொற்றாசியம் அயன்களையே புகவிடுவதால் உட்புறம் எதிரேற்றம் பெறுகின்றதென்றும், தூண்டப்படுகையில் எல்லா அயன்களுக்கும் வழிவிடுவதால் அழுத்த வேறுபாடு பூச்சியமாகின்றதென்றும் கூறினார். இக்கருத்து நெடுங்காலம் நிலைத்தமைக்கு அதன் வலிமையிலும் பார்க்க, உள்ளிருந்து அளக்கும் வழியின்மையே காரணம் எனலாம்.

கணவாயின் பருத்த நரம்புநாரை 1936இல் யங் இனங்காட்டியபின் அவ்வழி திறந்தது. 1939இல் பிளிமத்தில் ஹொட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் அந்நாரினுள் நுண்ணிய மின்வாயைச் செலுத்தினர். அழுத்தம் பூச்சியத்தில் நிற்கவில்லை. உட்புறம் சுமார் 40 மில்லிவோற்று நேரேற்றம் பெற்றது! சில வாரங்களில் யுத்தம் மூண்டது. ஒருவர் ராடர் ஆய்வுக்கும் மற்றவர் பீரங்கி ஆய்வுக்கும் ஈர்க்கப்பட, கண்டது காரணங் கூறப்படாத சிறு குறிப்பாகவே வெளிவந்தது.

நாசி ஜேர்மனியை விட்டு 1935இல் வெளியேறிய கற்ஸ், ஹொட்ஜ்கினுடன் சேர்ந்து, வெளித்திரவத்திற் சோடியம் குறையின் கணத்தாக்கத்தின் உயரமுங் குறைவதை 1949இல் நிறுவினார். முதலிற் சோடியம் உட்பாய்கின்றது; பின்னர் பொற்றாசியம் வெளியேறி ஓய்வுநிலையை மீட்கின்றது. 1952இல் வெளியான சமன்பாடுகள் இதனைக் கணியமாக்கின. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அவ்வேளை இயங்காமையால், ஹக்ஸ்லி கையாற் சுழற்றும் பொறியிலேயே வாரக்கணக்கிற் கணித்தார்.

அச்சமன்பாடுகளுக்கு ஆதாரமான அளவீடுகள், மென்சவ்வின் அழுத்தத்தை மாறாது நிறுத்தி ஓட்டத்தை அளக்கும் முறையாற் பெறப்பட்டவை. அம்முறையை 1947இல் ஆக்கியோர் அமெரிக்கரான கோலும் மாமொண்டும். 1963ஆம் ஆண்டு நொபெல் பரிசை ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி, எக்கிள்ஸ் ஆகிய மூவர் பகிர்ந்தனர். கோலுக்கு அதிற் பங்கில்லை.