பொது என்ற சொல்லும் பசறை வீதிப் பல்கலைக்கழகமும்

நாங்கள் வளர்ந்த தோட்டத்து லயத்தில் 'பொது' என்றால் தண்ணீர்ப் பீலி. பன்னிரண்டு காம்பராவுக்கும் அது ஒன்றுதான். விடியுமுன் வரிசை, குடம் இடிபட்டால் சண்டை. ஆனால் அது வற்றினால் எந்த வீட்டிலும் உலை ஏறாது.

உயர்தரம் படிக்கப் போனபோது அதே சொல்லுக்கு வேறு மதிப்பு இருந்தது. பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி எடுத்தால் பல்கலைக்கழகத் தகுதிக்குப் போதுமாக இருந்தது. இசட் புள்ளிக் கணக்கில் அது சேரவில்லை. ஆகவே முதல் நாள் இரவு புரட்டிக்கொள்ளலாம் என்பார்கள். பல்கலைக்கழகத்தில் 'சிறப்புப் பட்டம்' என்றும் 'பொதுப் பட்டம்' என்றும் இரண்டு வரிசை. சிறப்புக்கு எடுபடாதவர் பொதுவுக்குப் போனார் என்பது ஊரார் கணக்கு. பொதுக் கல்விப் பாடங்களைக் கட்டாயமாக்க நினைக்கும் எந்த இலங்கைப் பல்கலைக்கழகமும் முதலில் இந்த இளக்காரத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும்.

பதுளையில் அந்த வேலையைக் கையிலெடுத்தது ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம். பிரித்தானியருக்கு எதிரான 1818 கிளர்ச்சியின் நினைவைத் தாங்கும் பெயருடன் 2005ஆம் ஆண்டு பசறை வீதியில் நிறுவப்பட்டது. முதல் உபவேந்தர் கலாநிதி சந்திர எம்புல்தெனிய. நாட்டின் வளங்களுக்குப் பெறுமதி சேர்ப்பது என்பதே இதன் தாரக மந்திரம். தேயிலைத் தொழில்நுட்பமும் பெறுமதி சேர்த்தலும், ஏற்றுமதி விவசாயம், விலங்கு விஞ்ஞானம், கனிய வளம், விருந்தோம்பலும் சுற்றுலாவும் என்று பட்டப் பெயர்களே ஊவாவின் மண்ணையும் சந்தையையும் காட்டும். போதனை மொழி ஆங்கிலம். எந்தப் பட்டத்துக்குச் சேர்ந்தாலும் பிரதான பாடத்தோடு இரண்டு இழைகள் கூடவே வரும்: ஒன்று அத்தியாவசியத் திறன்கள், மற்றது பரந்த பொதுக் கல்வி.

இது நம் நாட்டு மரபில் பழக்கமில்லாத ஏற்பாடு. 1921இல் வந்த பல்கலைக்கழகக் கல்லூரி லண்டன் பரீட்சைக்கு ஆள் தயாரித்தது. 1942இல் வந்த இலங்கைப் பல்கலைக்கழகமும் ஒரு துறையில் ஆழக் கால் ஊன்றும் பிரித்தானிய முறையையே தொடர்ந்தது. எல்லோருக்கும் பொதுவான பாடம் என்ற யோசனை வளர்ந்தது அமெரிக்காவில். கொலம்பியா பல்கலைக்கழகம் 1919இல் சமகால நாகரிகம் பற்றிய பாடத்தை மாணவருக்குக் கட்டாயமாக்கியது; ஹார்வர்ட் 1945இல் பொதுக் கல்வி பற்றித் தன் பேர்பெற்ற அறிக்கையை வெளியிட்டது. அதே 1945இல்தான் இங்கே கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் மட்டும் அந்தப் பொதுப் பந்திக்கு வெளியே, துரைமாரின் பொறுப்பிலேயே கிடந்தன. அரசு அவற்றை ஏற்றது 1970களில். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பசறை வீதி வளாகத்தில் படிக்கிறார்கள்.

பொதுக் கல்விப் பாடம் எப்படித் தீர்மானமாகிறது என்பதை வெளியிலிருப்போர் அதிகம் யோசிப்பதில்லை. அது பெரும்பாலும் கூட்டல் கழித்தல்தான். 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஆண்டுக்கு 30 கிரெடிட், நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பு, வாசிப்பு, ஒப்படை எல்லாம் சேர்த்து மாணவரின் 50 மணி நேர உழைப்பு. இந்த 120 இழுத்தால் நீளும் இறப்பர் அல்ல. பொதுப் பாடத்துக்கு இரண்டு கிரெடிட் கொடுத்தால் யாரோ ஒரு துறைத் தலைவரின் பாடத்திலிருந்து இரண்டு போகும். பீடச் சபையில் தொடங்கி மூதவை வரை எந்தப் பல்கலைக்கழகத்திலும் இழுபறி இந்த இரண்டுக்காகத்தான். "பிள்ளைக்கு இரசாயனமே இன்னும் சரியாக வரவில்லை, இதில் வரலாறு வேறா?" என்று கேட்பவர் கெட்டவர் அல்ல, தன் பாடத்தை நேசிப்பவர்.

இன்னொரு சிக்கல், யார் கற்பிப்பது என்பது. பேராதனையில் மெய்யியல் வேண்டுமென்றால் அதே வளாகத்துக் கலைப்பீடத்துக்கு நடந்து போகலாம். பதுளையில் கலைப்பீடம் இல்லை. பொதுக் கல்வியை விரும்புவது சுலபம், அதற்கு ஆள் தேடுவதுதான் பாடு.

தகைமைச் சட்டகம் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பேறுகளாகப் பன்னிரண்டைச் சொல்கிறது. துறை அறிவும் செய்முறை அறிவும் அவற்றில் சிறு பங்கே. தொடர்பாடல், குழுவாக உழைத்தல், சமூகத் திறன், மனப்பாங்கு, வாழ்நாள் முழுதும் கற்றல் எல்லாம் அதில் வரும். சட்டகம் வருவதற்கு ஏழாண்டுகளுக்கு முன்னரே பசறை வீதியில் போட்ட முடிச்சுக்கும் இதற்கும் உறவு உண்டு என்று பெருமையாகவே எழுதலாம். ஆனால் ஊவாவில் 'எல்லோரும் தெரிந்திருக்க வேண்டியது' எது என்று கேட்டால், என் விரல் ஒரு பழைய புத்தகத்தைத்தான் காட்டும்.

19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஏ.எம். பெர்குசன் என்பவர் வெளியிட்ட கையடக்கத் தமிழ் வழிகாட்டி ஒன்று உண்டு. புதிதாகக் கப்பலிறங்கும் சின்னத்துரைக்கானது. தலைப்பு, 'இங்கே வா'. மலையகத்தின் முதல் பொதுக் கல்விப் பாடநூல் அதுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஸ்கொட்லாந்திலிருந்து வந்த பையனுக்குத் தேயிலை தெரிந்தால் போதாது, கொழுந்து பறிப்பவளின் மொழியும் தெரிய வேண்டும் என்பதைத் தோட்டக்காரர்கள் நூறாண்டுக்கு முன்னரே புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டது வேலை வாங்குவதற்காக. தலைப்பே ஏவல்தானே.

இப்போது நிலைமையைப் பாருங்கள். 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையில் சேர்வோர் ஐந்தாண்டுக்குள் இரண்டாவது அரச கரும மொழியில் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று சுற்றறிக்கை உண்டு. தோட்டங்களின் நிர்வாகமோ 1992இல் தனியார் கம்பனிகளுக்குப் போய்விட்டது. அங்கே உத்தியோகத்துக்குப் போகிறவரை அந்தச் சுற்றறிக்கை தொடாது. ஆங்கிலத்தில் தேயிலை படித்து, சிங்களம் பேசும் ஊரிலிருந்து வந்து, தமிழ் பேசும் மலையில் பொறுப்பேற்கும் இளைஞனுக்கும் யுவதிக்கும் தமிழைக் கற்றுத்தரப் பொருத்தமான இடம் பல்கலைக்கழகத்தின் பொதுக் கல்விப் பகுதிதான். 2012 குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானோர் மலையகத் தமிழர். தேயிலை மலைகளில் பெரும்பான்மை அவர்களே. தேயிலைப் பட்டத்துக்குத் தமிழும், அதே நியாயத்தில் தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் விருப்பப் பாடமாக அல்ல, கட்டாயமாகவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கூடவே நிலம் பற்றி ஒரு பாடம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன மாகாணத்தில், சரிவு எப்போது நகரும் என்பது கணக்கியல் படிப்பவருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

இரண்டு கிரெடிட் என்றால் 100 மணி நேரம். அதற்குள் ஒருவர் தமிழில் புலவராகிவிட மாட்டார். நிறுவைத் தராசின் முன் கூடையை இறக்கி வைத்த என் அம்மாவைப் போன்ற ஒருத்தியிடம், "நேத்து மலைக்கு ஏன் வரல, ஒடம்புக்கு முடியலையாம்மா?" என்று கேட்கவும், அவள் சொல்லும் பதிலைக் கணக்குப்பிள்ளை மொழிபெயர்க்காமலே விளங்கிக்கொள்ளவும் 100 மணி நேரம் தாராளம்.