எரிக்கப்பட்ட சுருளும் இரு பதிப்புகளும்: எரேமியா நூல் உருவான வரலாறு

எபிரேய மறைநூலின் தீர்க்கதரிசன நூல்களுள், தான் எழுதப்பட்ட விதத்தைத் தானே விரிவாகச் சொல்வது எரேமியா நூல். 52 அதிகாரங்கள் கொண்ட இந்நூலில் கவிதையும் உரைநடையும் வாழ்க்கை வரலாறும் கலந்து வருகின்றன; நிகழ்வுகள் கால வரிசையில் அமையவில்லை. இதைத் தொகுத்தவர்களின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு தீர்க்கதரிசியின் சொற்களைப் பல தலைமுறை எழுத்தர்கள் காத்து, விரித்து, வளர்த்த தடங்களே அவை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

காலப் பின்னணி

எரேமியா எருசலேமுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஆனதோத் ஊரின் ஆசாரியர் குடும்பத்தவர். யோசியா மன்னனின் 13ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 627 அளவில், அவருக்கு அழைப்பு வந்ததாக நூல் சொல்கிறது. அசீரியப் பேரரசு சரிந்துகொண்டிருந்த காலம் அது. கி.மு. 612இல் நினிவே வீழ்ந்தது. 609இல் யோசியா மெகிதோவில் எகிப்திய மன்னன் நேகோவின் கையால் மாண்டான். 605இல் கர்கேமிசில் எகிப்தை வென்ற பாபிலோன், மேற்காசியாவின் தலைமையைப் பெற்றது.

இரு வல்லரசுகளுக்கிடையே சிக்கிய சிறிய யூதாவுக்கு எரேமியா சொன்ன செய்தி கசப்பானது. பாபிலோனின் நுகத்தடிக்குக் கழுத்தைக் கொடுங்கள், ஆலயம் இருப்பதாலேயே நகரம் தப்பிவிடும் என்று நம்பாதீர்கள் என்றார் அவர். அரசவை இதைத் துரோகமாகக் கண்டது. அடி, சிறை, சேறு நிறைந்த துரவு என அவர் பட்ட துன்பங்களை நூல் மறைக்காமல் பதிவு செய்கிறது. கி.மு. 587/586இல் எருசலேம் எரிந்தது. தப்பியோரில் ஒரு கூட்டத்தார் அவருடைய எச்சரிக்கையை மீறி அவரையும் எகிப்தின் தகபானேசுக்குக் கொண்டுசென்றனர்.

முதல் சுருள்

நூலின் வளர்ச்சியை அறிய 36ஆம் அதிகாரமே திறவுகோல். யோசியாவின் மகன் யோயாக்கீம் மன்னனின் 4ஆம் ஆட்சியாண்டில் எரேமியா சொல்லச் சொல்ல, நேரியாவின் மகன் பாருக்கு எழுதினார். ஆலயத்துக்குள் செல்ல எரேமியாவுக்குத் தடை இருந்ததால், அடுத்த ஆண்டின் 9ஆம் மாதம், உபவாச நாளொன்றில் பாருக்கே அதை மக்கள்முன் வாசித்தார். அந்தக் குளிர்காலத்தில் பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் கடற்கரை நகரம் ஒன்றைத் தரைமட்டமாக்கினான் என்று பாபிலோனிய நாளாகமம் தெரிவிக்கிறது. அது அஸ்கலோன் என்பது பெரும்பாலான அறிஞர்களின் வாசிப்பு. உபவாசம் அறிவிக்கப்பட்டதற்கான அச்சம் எங்கிருந்து வந்தது என்பது இதனால் விளங்குகிறது.

சுருள் மன்னனிடம் போனது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அவன் அப்பகுதியைக் கத்தியால் அறுத்துக் கணப்பில் போட்டான். முழுச் சுருளும் சாம்பலாயிற்று. எரேமியா மீண்டும் சொன்னார், பாருக்கு மீண்டும் எழுதினார். இரண்டாம் சுருளில் பழைய சொற்களோடு அவற்றை ஒத்த வேறு பல சொற்களும் சேர்ந்தன என்று அந்த அதிகாரம் முடிகிறது. நூல் விரிந்து வளர்ந்ததை நூலே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

பாருக்கு சுருளை வாசித்த அறை, சாப்பானின் மகன் கெமரியாவுடையது. இந்தச் சாப்பான், கி.மு. 622 அளவில் ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்ட நியாயப்பிரமாணச் சுருளை யோசியாவுக்கு வாசித்துக் காட்டிய எழுத்தர். அன்று அதைக் கேட்ட தந்தை யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டான். இன்று மகன் யோயாக்கீம் சுருளையே அறுத்தான். சாப்பானின் இன்னொரு மகன் அகீக்காம் எரேமியாவின் உயிரைக் காத்தவர். இந்த எழுத்தர் குடும்பத்தின் துணையின்றி எரேமியாவின் சொற்கள் நமக்கு எட்டியிருப்பது அரிது.

மண்ணிலிருந்து வந்த சான்றுகள்

1982இல் யிகல் ஷிலோவின் குழு எருசலேமின் தாவீது நகரப் பகுதியில் களிமண் முத்திரைகளின் குவியல் ஒன்றைக் கண்டெடுத்தது. அவற்றுள் ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியாவின் பெயர் உள்ளது. நகரை அழித்த தீயே அம்முத்திரைகளைச் சுட்டுப் பாதுகாத்தது. ஆனால் பாருக்கின் பெயரோடு பழம்பொருள் சந்தையில் வெளிவந்த முத்திரைகள் போலி என்றே இன்று பெரிதும் கருதப்படுகின்றன. அவற்றை ஆதாரமாகக் கொள்ளாமல் விடுவதே முறை.

1935இல் லாகீசில் கிடைத்த ஓட்டுச்சில்லுக் கடிதங்களுள் ஒன்று லாகீஸ், அசேக்கா நகரங்களின் தீக்குறிகளைப் பற்றிப் பேசுகிறது. 34ஆம் அதிகாரம் கடைசிவரை நின்ற அரணான நகரங்களாகக் குறிப்பதும் இவ்விரண்டையே. 39ஆம் அதிகாரம் கூறும் பாபிலோனிய அதிகாரி ஒருவரின் பெயரை, கி.மு. 595ஐச் சேர்ந்த களிமண் பலகை ஒன்றில் மிக்கேல் யுர்சா 2007இல் அடையாளம் கண்டார். நூலின் உரைநடைப் பகுதிகள் நிகழ்வுகளை நெருங்கி அறிந்த நினைவுகளைத் தாங்கியவை என்பதற்கு இவை வலுவான ஆதரவு.

இரு பதிப்புகள்

கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவில் எரேமியா நூல், மரபுவழி எபிரேயப் பாடமான மசோரெத்து பாடத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சிறியது. பிற நாடுகளைக் குறித்த வாக்குகள் எபிரேயத்தில் 46 முதல் 51 வரையிலான அதிகாரங்களில் உள்ளன. தமிழ் வேதாகமமும் இவ்வரிசையையே பின்பற்றுகிறது. கிரேக்கத்திலோ அவை 25ஆம் அதிகாரத்தின் நடுவிலேயே தொடங்குகின்றன. தாவீதின் வம்சத்துக்கு நிலைத்த வாக்குறுதி தரும் 33:14-26 கிரேக்கத்தில் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் சுருக்கியிருப்பார் என்று நெடுங்காலம் எண்ண இடமிருந்தது. 1952இல் சாக்கடலருகே கும்ரானில் கண்டறியப்பட்ட 4ஆம் குகை அந்த எண்ணத்தை அசைத்தது. அங்கே கிடைத்த எபிரேயத் துண்டுகளில் சில மசோரெத்து பாடத்தையும், சில கிரேக்கத்தின் குறுகிய பாடத்தையும் ஒத்திருந்தன. சிலைகளை எள்ளும் 10ஆம் அதிகாரத்தில் இறைவனுக்கு நிகரில்லை என்று போற்றும் 6-8, 10 வசனங்கள் கிரேக்கத்தில் இல்லை. கும்ரான் துண்டு ஒன்றிலும் அவற்றுக்கு இடமில்லை. ஆகவே குறுகிய பாடம் எபிரேயத்திலேயே வழங்கியது உறுதியாயிற்று. அதை முதல் பதிப்பாகவும் மசோரெத்தை விரிந்த இரண்டாம் பதிப்பாகவும் எமானுவேல் தோவ் விளக்கினார். கியோர்க் ஃபிஷர் போன்றோர் மசோரெத்தே மூத்தது என வாதிடுகின்றனர். எனினும் கூடுதல் பகுதிகளில் பல விளக்கமாகவும் புகழுரையாகவும் நம்பிக்கையுரையாகவும் அமைவதால், தோவின் விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஆய்வு வரலாறும் முடிவும்

1901இல் பெர்ன்ஹார்டு டூம் இந்நூலில் தீர்க்கதரிசியின் கவிதை, பாருக்கின் வரலாறு, பிற்காலச் சேர்க்கை என மூன்று அடுக்குகளைப் பிரித்தார். 1914இல் சீக்மண்ட் மோவிங்கல் அதைத் தனித்தனி மூலங்களாக வகுத்தார். 1986இல் வில்லியம் மெக்கேன், ஒவ்வொரு வாக்கும் தன்னைச் சுற்றி விளக்கங்களைத் திரட்டிக்கொண்டே உருண்டு வளர்ந்தது என்றார். கும்ரான் சான்றுகளோடு மிகவும் இணங்கிச் செல்வது இக்கருத்தே.

பிற்காலச் சேர்க்கைகளைக் களைந்துவிட்டு உண்மையான எரேமியாவை மட்டும் தேடுவது நூலின் பாதி வரலாற்றைத் தொலைப்பதாகும். அழிவை அறிவித்த சொற்கள், அழிவு வந்தபின் சிறைப்பட்ட மக்களுக்கு அதன் காரணத்தை விளக்கின. அடுத்த தலைமுறைக்கு மீட்பின் நம்பிக்கையையும் தந்தன. பாபிலோனின் ஆதிக்கம் எழுபது ஆண்டு நீடிக்கும் என்ற எரேமியாவின் வாக்கைத் தானியேல் நூல் மீண்டும் எடுத்துச் சிந்திப்பது அதே வாசிப்பு மரபின் தொடர்ச்சி. 36ஆம் அதிகாரத்தில் பாருக்கின் கையில் தொடங்கிய விரிவாக்கம், பெயர் தெரியாத பல எழுத்தர்களின் கைகளில் தொடர்ந்தது. எரேமியாவைப் படிப்பவர் தீர்க்கதரிசியின் குரலோடு அவர்களின் உழைப்பையும் சேர்த்தே மதிக்க வேண்டும்.