பாலிசியின் பல்லிகள்

சூளைக்கு விறகு தீர்ந்தபோது வீட்டு மேசைகளையும் தரைப் பலகைகளையும் பிடுங்கி எரித்த குயவர் என்றே பெர்னார் பாலிசியை நாம் அறிந்திருக்கிறோம். 1580-இல் வெளியான தம் நூலில் அவரே சொன்ன கதை அது. ஆனால் அந்த நெருப்பின் வெளிச்சம் அவருடைய மற்றொரு பக்கத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சின் மேற்கே, சாரான்த் ஆற்றங்கரையிலுள்ள சேன்த் நகரில் வாழ்ந்தவர் பாலிசி. வெண்பூச்சிட்ட கிண்ணம் ஒன்றைக் கண்டு, அப்பூச்சின் சூட்சுமத்தைத் தேடிப் பல்லாண்டுகள் வறுமையில் உழன்றார். எனினும் அவருக்குப் புகழ் சேர்த்தவை பாம்பும் பல்லியும் தவளையும் மீனும் சிப்பியும் இலைகளும் ஓடைக்கரையில் கிடப்பதுபோலவே கிடக்கும் பெரிய தட்டுகள்தாம்.

இவற்றை அவர் பார்த்துச் செதுக்கவில்லை. இறந்த உயிரின் மேல் சாந்து வார்த்து அச்செடுத்தார். அச்சில் களிமண்ணை அழுத்தி, உலோகங்கள் கலந்த ஈயப்பூச்சால் பச்சை, நீலம், பழுப்பு நிறங்களை ஏற்றிச் சுட்டார். பல்லியின் செதில்களை நாம் எண்ணிவிடலாம்.

இது வெறும் நகல்தானே, கலையாகுமா என்று நாம் கேட்கக்கூடும். அதற்கான விடை தட்டுகளுக்கு வெளியே இருக்கிறது. 1575 முதல் பாரிசில் அவர் பொதுச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். லத்தீனும் கிரேக்கமும் அறியாதவர். படித்தவர்களை எதிரே அமரவைத்துப் பேசினார். பாறைகளில் காணும் சிப்பிகள் இயற்கையின் விளையாட்டல்ல, பெருவெள்ளம் கொண்டுவந்து போட்டவையும் அல்ல. அவை அங்கேயே வாழ்ந்து, நீரில் கரைந்திருந்த உப்புகளால் கல்லானவை என்றார். உயிரின் உடல் மண்ணில் தன் வடிவை எப்படி விட்டுச் செல்லும் என்பதை ஆயிரம் முறை விரலால் அறிந்தவருக்கே அது எளிதில் புலப்பட்டிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. நூலோர் காணாததைக் கை கண்டது.

அரசி கேத்தரின் தெ மெதிச்சி துய்லரி தோட்டத்தில் ஒரு செயற்கைக் குகை அமைக்கும் பணியை அவருக்கு அளித்தார். அரண்மனை ஆதரவு புராட்டஸ்டண்டான அவரை நெடுங்காலம் காத்தது. முதுமையில் அதுவும் உதவவில்லை. மதம் மாற மறுத்து, 1590-ஐ ஒட்டி பாஸ்டில் சிறையில் இறந்தார்.

1980-களில் லூவ்ர் வளாகத்தை அகழ்ந்தபோது அவர் பட்டறையின் அச்சுகளும் உடைசல்களும் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. நானூறு ஆண்டுகள் புதைந்திருந்தும் அவற்றில் பல்லியின் தடம் அழியவில்லை. தம் கொள்கைக்கு இதைவிட நல்ல சான்றை அவரே தேடியிருக்க மாட்டார்.