புதுச்சேரிக் கடலில் ஒரு பூகம்பம்

2001 செப்டம்பர் 25, செவ்வாய்க்கிழமை. இரவு மணி 8.26. சாப்பாட்டு நேரம். புதுச்சேரியிலும் கடலூரிலும் சென்னையிலும் தரை சில வினாடிகள் ஆடி அடங்கியது. அடுக்குமாடிகளில் இருந்தவர்கள் படியிறங்கித் தெருவுக்கு ஓடினார்கள்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதே வருடம் ஜனவரி 26 அன்றுதான் குஜராத்தின் புஜ் பகுதி பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் மடிந்திருந்தார்கள். இடிந்து கிடந்த மாடிக் கட்டிடங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு சீக்கிரம் மறக்குமா?

ஆனால் இது புஜ் அல்ல. புதுச்சேரிக்குக் கிழக்கே சுமார் 40 கி.மீ. தள்ளி, கடலுக்கு அடியில் மையம் கொண்ட இதன் அளவு 5.5. புஜ் பூகம்பம் 7.7. வெறும் 2.2 தானே வித்தியாசம் என்று தோன்றும்! வெளிப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டால் புஜ் ஏறக்குறைய 2000 மடங்கு பெரியது. இங்கே மூன்று பேர் இறந்ததாகப் பதிவாகியுள்ளது. சில கட்டிடங்களில் சிறு சேதம். உலகில் இந்த அளவுள்ள அதிர்வுகள் வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் வருகின்றன.

இருந்தாலும் தமிழகத்துக்கு அது அதிர்ச்சிதான். தென்னிந்தியா அசையாத பாறை, பூகம்பமெல்லாம் வடக்கே என்ற நம்பிக்கை ஆழமாக இருந்தது. (1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூரை உலுக்கிய 6.0 அளவிலான பூகம்பத்தை யார் நினைவில் வைத்திருந்தார்கள்?) உண்மையில் இந்தக் கிழக்குக் கரையே ஒரு பழைய முறிவின் ஓரம். பல கோடி வருடங்களுக்கு முன் கோண்டுவானா கண்டம் பிளந்து, இந்தியா அண்டார்டிகாவை விட்டு விலகியபோது உண்டான விளிம்பு அது. அந்தக் காலத்துப் பிளவுகள் அடியில் இன்னும் இருக்கின்றன. வடக்கே இமயத்தை முட்டிக்கொண்டிருக்கும் இந்தியத் தட்டின் அழுத்தம் அவற்றில் எப்போதாவது ஒன்றை நழுவச் செய்கிறது. 2002ல் வெளியான திருத்தப்பட்ட நில அதிர்வு வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது.

கட்டிடங்களைப் பற்றி யோசிக்கத் தொடங்கியாகிவிட்டது. கடலைப் பற்றி?

2001ல் மையம் கடலுக்குள் இருந்தும் அலை எழவில்லை. அலை எழ வேண்டுமானால் கடல்தரை பெரும் பரப்பில் மேலும் கீழும் நகர வேண்டும்; 5.5 அதற்குப் போதாது. ஆக, தரை நன்றாகவே ஆடியது, கடல் சும்மா இருந்தது. இந்த அனுபவம்தான் கரையோர மக்களிடம் தங்கியது.

மூன்று வருடம் கழித்து, 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி வாக்கில் சென்னையில் மறுபடி ஓர் ஆட்டம். மையம் சுமத்ரா அருகே, வெகு தொலைவில். அளவு 9.1 என்றாலும் இங்கே உணரப்பட்டது லேசான அதிர்வுதான். பலர் தூக்கத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்தவர்களுக்கும் கடலை நினைக்கத் தோன்றவில்லை. அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரமும் கையில் இருந்தது! தமிழகத்தில் மட்டும் சுமார் 8,000 பேர் போனார்கள். அதில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். இலங்கை குறுக்கே நின்று மறைத்ததால் தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் உயிரிழப்பு மிகக் குறைவு. அதைத் தாண்டிய குமரிக் கரையோ நூற்றுக்கணக்கானோரை இழந்தது.

முன்னுதாரணமே இல்லையா என்றால், இருந்தது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே ஒரு பெரும் பூகம்பம். அதிர்வு சென்னை வரை உணரப்பட்டது. சில மணி நேரத்தில் கிளம்பி வந்த அலையை நாகப்பட்டினத்துத் துறைமுகத்தின் நீர்மட்டக் கருவி பதிவு செய்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பதால் ஊரை அழிக்கவில்லை. அழிக்காததாலேயோ என்னவோ, அந்தப் பதிவு ஆய்வாளர்களின் தாள்களிலேயே தங்கிவிட்டது.

ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் பூகம்பம் வந்தது. சென்னை மீண்டும் ஆடியது. எச்சரிக்கை உடனே போனது, கடற்கரையிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். தட்டுகள் பக்கவாட்டில் உரசிய அதிர்வு என்பதால் பெரிய அலை வரவில்லை. அன்று மாலையே எச்சரிக்கை விலக்கப்பட்டது.