ஹோல்டாலும் டிக்கியும் - ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு கார் வரலாறு

"சார் கேம்ப் போயிருக்கார்" என்று சொன்னால் தமிழ்நாட்டில் யாரும் கூடாரத்தை நினைக்க மாட்டார்கள். தாசில்தாரோ, பொதுப்பணித்துறை என்ஜினியரோ, ரேஞ்சரோ வெளியூர் ஆய்வுக்குப் போயிருக்கிறார் என்றுதான் அர்த்தம். அவர்கள் போனது பெரும்பாலும் ஜீப்பில். பின்னால் மடக்குக் கட்டில், படுக்கைச் சுருட்டு, சமையல் சாமான், சமையல்காரர். மகிந்திரா கம்பெனி நாற்பதுகளின் கடைசியிலேயே வில்லிஸ் ஜீப்பை இந்தியாவில் பூட்டத் தொடங்கிவிட்டதால் அரசாங்கத்துக்கு வண்டிக் கவலை இல்லை.

கவலையெல்லாம் சாதாரணக் குடும்பத்துக்குத்தான். தினமும் ஆபீசுக்கும் காய்கறிக் கடைக்கும் ஓட்ட வேண்டும். மே மாதம் வந்தால் அதே வண்டியில் ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ போக வேண்டும். அந்தக் காலத்துச் சுற்றுலாவில் ஓட்டல் சாப்பாடு கிடையாது. ஜமுக்காளம், தலையணை, போர்வை எல்லாவற்றையும் ஒரு கேன்வாஸ் ஹோல்டாலில் சுருட்டி பெல்ட் போட்டு இறுக்குவார்கள். அப்புறம் பம்ப் ஸ்டவ், மண்ணெண்ணெய் டின், கூஜா, தூக்குச்சட்டி, புளியோதரை டப்பா. கூடாரம் ஒன்றுதான் குறை, மற்றபடி இன்று மலையேறப் போகிறவர்கள் தூக்கிப்போகும் மூட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த மூட்டையை ஏற்ற எந்தக் காரை வாங்குவது? இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் தயாரானது என்பது இன்று ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸில் போகிற பலருக்குத் தெரியாது.

தாம்பரம் தாண்டி பெருங்களத்தூருக்கும் வண்டலூருக்கும் நடுவே இருந்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. சென்னையின் யூனியன் கம்பெனி (மோட்டார்ஸ்) நிறுவனமும் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் கூட்டாக 1948-இல் தொடங்கியது. முதலில் வான்கார்ட் என்ற பெரிய கார். ஐம்பதுகளில் ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10. 1961-இல் ஹெரால்ட். இங்கிலாந்தில் அதன் பெயர் ட்ரையம்ஃப் ஹெரால்ட், இங்கே ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

அந்தக் காலத்தில் கார் வாங்குவது என்றால் மூன்றே பெயர்கள்தான். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், சென்னையில் ஸ்டாண்டர்ட். எத்தனை கார் செய்யலாம் என்பது லைசென்ஸில் எழுதியிருக்கும். புதிய மாடல், புதிய மெஷின் எல்லாவற்றுக்கும் டில்லியின் அனுமதி வேண்டும். விலையைக்கூட கம்பெனி தீர்மானிக்க முடியாது. 1969-இல் மத்திய அரசு மூன்று கார்களுக்கும் விலை நிர்ணயித்து ஆணை போட, கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. சர்ஜூ பிரசாத் என்ற நீதிபதி தலைமையில் கார் விலையை ஆராய ஒரு கமிஷனே போட்டார்கள்! ஒரு பிஸ்டனுக்கு என்ன அடக்கவிலை, முதலீட்டுக்கு எத்தனை சதவீதம் லாபம் நியாயம் என்று நீதிமன்றத்தில் வாதாடினார்கள். காஸ்ட் அக்கவுண்டன்சி போரடிக்கிறது என்பவர்கள் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் வழக்கை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

சரி, மூட்டைக்கு வருவோம்.

ஹெரால்ட் பார்க்க அழகான கார். முன்பக்க பானெட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வேண்டியது என்ஜின். ஹெரால்டில் இருந்தது 948 சிசி. ஃபியட்டில் 1,089 சிசி, அம்பாசடரில் 1,489 சிசி. இங்கிலாந்தில் ஹெரால்டுக்கு 1,147 சிசி என்ஜினும் பிறகு 1,296 சிசியும் வந்தன. பெருங்களத்தூரில் கடைசி வரை அதே 948 தான். விலையைக் கட்டுக்குள் வைக்க வேறு வழியில்லை. அதனால் நான்கு பேரும் ஹோல்டாலும் ஏறிய பிறகு அந்த வண்டி வளைவில் அழகாகத் திரும்பும், திரும்பியதும் மேட்டில் மூச்சு வாங்கும்.

இன்னொரு சிக்கல் பின் சக்கரத்தில். அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின்பக்கம் மாட்டுவண்டி இருசு மாதிரி குறுக்கே ஒரே உறுதியான ஆக்சில். அதன் இரண்டு பக்கமும் நீளவாக்கில் லீஃப் ஸ்பிரிங். லாரியின் சின்னத் தம்பி. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வண்டி கொஞ்சம் இறங்கும், சக்கரம் நேராகவே நிற்கும். ஹெரால்டில் அப்படி இல்லை. இரண்டு பின் சக்கரமும் தனித்தனியாக ஆடும் ஸ்விங் ஆக்சில், இரண்டுக்கும் சேர்த்து குறுக்கே ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங். காலி வண்டிக்கு சொகுசு. ஆனால் டிக்கியில் பாரம் ஏறினால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்து, சக்கரத்தின் மேல்விளிம்பு உள்ளே சாய்ந்து அடிவிளிம்பு வெளியே விரியும். சுமை தூக்கியவன் கால் அகட்டி நடப்பது போல. டயரின் உட்பக்கம் மட்டும் தேயும். இங்கிலாந்தின் வழவழப்பான சாலைக்குச் செய்த டிசைனை திண்டிவனம் ரோட்டில் ஓட்டினால் வேறென்ன ஆகும்!

இதில் ஆச்சரியம் என்னவென்றால், பெருங்களத்தூர்க்காரர்கள் இதைப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான். தாய்க் கம்பெனி சொன்னதை அப்படியே நகலெடுக்கும் தொழிற்சாலையாக அது இருந்துவிடவில்லை. ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இரண்டே கதவுதான். பின்சீட்டுக்குப் போக முன்சீட்டைச் சாய்த்துவிட்டுக் குனிந்து நுழைய வேண்டும். பட்டுப்புடவை கட்டிய பாட்டியை அப்படி ஏற்ற முடியுமா? அறுபதுகளின் பிற்பகுதியில் இந்திய மார்க்கெட்டுக்கென்றே நான்கு கதவு ஹெரால்ட் செய்தார்கள். அதே உடம்பை நீட்டி, பின்பக்கமும் கதவு வைத்து, கம்பானியன் என்ற எஸ்டேட் காரையும் செய்தார்கள். பின்சீட்டுக்குப் பின்னால் கூரை வரை இடம். ஹோல்டால், ஸ்டவ், டின் எல்லாம் உள்ளே போகும். இப்போது எல்லோரும் வாய் நிறையச் சொல்கிற 'பூட் ஸ்பேஸ்' அன்றே பெருங்களத்தூரில் இருந்தது.

பிறகு 1972-இல் கேஸல். ஹெரால்டின் உடம்பை இங்கேயே மாற்றி வடிவமைத்து, பிரச்சினை பிடித்த ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிவிட்டு, அம்பாசடர் மாதிரி உறுதியான ஆக்சில் போட்டார்கள். பாரம் தாங்குமா என்ற கேள்விக்கு பதில் கிடைத்தது. ஆனால் கிடைத்த நேரம் மோசம். அடுத்த வருடமே உலகம் முழுக்க எண்ணெய் நெருக்கடி, பெட்ரோல் விலை எகிறியது. 948 சிசி என்ஜினும் மாறவில்லை. 1977-இல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டு, ஸ்டாண்டர்ட் 20 என்ற ஒரு டன் வேனில் மட்டும் கம்பெனி கவனம் செலுத்தியது. சாமான் ஏற்றுவதற்கென்றே ஒரு வண்டி. ஆனால் ஆபீசுக்கு அதில் போக முடியாது.

குடும்பங்கள் என்ன செய்தன? அம்பாசடரையும் ஃபியட்டையும் வாங்கி, கூரையில் இரும்புக் கேரியர் மாட்டி, மேலே ஹோல்டாலைக் கயிற்றால் கட்டி, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு போயின. சிறந்த கார் என்பதால் அம்பாசடர் ஜெயித்ததாக ஒரு கதை உண்டு. அதில் பாதிதான் உண்மை. டிக்கி பெரியது, முன்சீட்டு பெஞ்சு மாதிரி என்பதால் மூன்று பேர் உட்காரலாம், எந்த ஊரிலும் ரிப்பேர் செய்யலாம். இதெல்லாம் சரி. ஆனால் அரசாங்கமும் டாக்சிக்காரர்களும் அதையே வாங்கியதால்தான் எந்த ஊரிலும் ஸ்பேர் கிடைத்தது. ஸ்பேர் கிடைத்ததால் எல்லோரும் அதையே வாங்கினார்கள். கம்பானியனுக்கு அந்தச் சுழற்சி ஆரம்பிக்கவே இல்லை.

1984-இல் குர்கானிலிருந்து மாருதி வேன் வந்தது (ஆம்னி என்ற பெயர் பிறகு வந்தது). 796 சிசி, மூன்று சிலிண்டர், ஒரு தகரப் பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல் இருக்கும். ஆனால் பின்சீட்டைக் கழற்றினால் ஒரு வீட்டையே காலி செய்து ஏற்றலாம். பக்கக் கதவு நகரும் கதவு. 2019 வரை உற்பத்தியில் இருந்தது என்பதே அதற்குச் சான்று.

அதே சமயம் பெருங்களத்தூர் என்ன செய்தது தெரியுமா? 1985-இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற சொகுசுக் காரை விட்டது. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்டி1 தான் அது. ஐந்து கதவு, பின்பக்கம் முழுவதும் மேலே திறக்கும், சீட்டை மடக்கினால் ஏராளமான இடம். உடம்பைப் பார்த்தால் கேம்பிங்குக்கென்றே செய்தது போல! உள்ளே இருந்த என்ஜினோ பழைய வான்கார்ட் வம்சத்து 1,991 சிசி. அதன் உறவுக்கார என்ஜின்தான் ஃபெர்குசன் டிராக்டரில் ஓடியது. சொகுசுக் கார் விலை கொடுத்தவர்கள் அந்த இழுவையில் ஏமாந்தார்கள். 1988-இல் உற்பத்தி நின்றது. தொழிற்சாலையும் ஓய்ந்தது. செய்யப்படாமல் மிஞ்சிய உதிரி பாகங்களை இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற கடைக்காரர்கள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். பழைய ரோவர் வைத்திருக்கும் ஆங்கிலேயர்களின் கார்களில் பெருங்களத்தூர்ச் சரக்கு போய்ச் சேர்ந்தது.

முப்பது, நாற்பது வருடம் ஒரே ஆலையை நம்பி தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் வீடு கட்டிக் குடியேறிய தொழிலாளர்களுக்கு அப்படி எந்தக் கப்பலும் வரவில்லை. கட்டிடம் மட்டும் பல வருடம் பூட்டிக் கிடந்து 2006-இல் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

ஜி.எஸ்.டி. சாலை மட்டும் காரை விடவில்லை. அதே சாலையில் இன்னும் தெற்கே, மறைமலை நகரில் மகிந்திராவோடு சேர்ந்து ஃபோர்டு வந்தது. 1996-இல் எஸ்கார்ட், 1999-இல் ஐகான், 2013-இல் ஈகோஸ்போர்ட். இந்தக் கடைசி வண்டியில் மூட்டைப் பிரச்சினை புது வடிவில் திரும்பியது. இம்முறை காரணம் லைசென்ஸ் அல்ல, வரி.

2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. சிறிய கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள், டீசல் என்றால் 1,500 சிசிக்குள். அன்றிலிருந்து கம்பெனிகளின் கையில் கத்தரி. எங்கே வெட்டுவது? கால் நீட்டும் இடத்தை வெட்டினால் வாங்குபவர் ஷோரூமிலேயே கண்டுபிடித்துவிடுவார். டிக்கியை வெட்டினால் அடுத்த மே மாதம்தான் தெரியும்! ஈகோஸ்போர்ட்டின் நீளம் 3,999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்கூட வீணாகவில்லை. 1 லிட்டர் பெட்ரோலுக்கும் 1.5 லிட்டர் டீசலுக்கும் சலுகை உண்டு, அதே வண்டியில் 1.5 லிட்டர் பெட்ரோலுக்குக் கிடையாது. 2017-இல் சரக்கு சேவை வரி வந்த பிறகும் இந்த 4 மீட்டர் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்கு உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. (ஜி.எஸ்.டி. சாலையில் செய்த காரின் டிக்கியை இன்னொரு ஜி.எஸ்.டி. அளக்கிறது.)

டிக்கிக் கணக்கு சுலபம். இன்று சென்னையிலிருந்து சனிக்கிழமை விடியலில் நாகலாபுரம் பக்கம் கிளம்பும் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். 2008-இல் சென்னை ட்ரெக்கிங் கிளப் தொடங்கியதிலிருந்து இப்படிக் கிளம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆளுக்கு 60 லிட்டர் பை என்றால் 240 லிட்டர். கூடாரம் இரண்டு, பாய், அடுப்பு, தண்ணீர் கேன் சேர்த்தால் 350-ஐ நெருங்கும். ஈகோஸ்போர்ட்டின் டிக்கி ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவும் பைகள் தண்ணீர் மாதிரி மூலை முடுக்கெல்லாம் நிரம்பும் என்று நம்பினால்! அதே வட்டாரத்தில், ஒரகடத்தில் செய்த முதல் தலைமுறை டஸ்டர் 4 மீட்டர் கோட்டைத் தாண்டிய வண்டி. அதன் டிக்கி 475 லிட்டர். கூடுதல் வரி கட்டியவர்கள் மூட்டையை மடியில் வைத்துக்கொள்ளவில்லை.

ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. அதற்கு முன்பு இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை அது. பெருங்களத்தூர் மாதிரி இந்த ஆலை இடிபடவில்லை. 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்கான உற்பத்திக்கு ஆலையை மறுபடி பயன்படுத்த விருப்பம் தெரிவித்து ஃபோர்டு தமிழ்நாடு அரசுக்குக் கடிதம் கொடுத்தது.

ஈகோஸ்போர்ட்டுகள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கி மூட்டை ஏற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டெப்னி பின்கதவின் மேல் தொங்குகிறது. உள்ளே வைத்தால் டிக்கி போய்விடும் என்று அங்கே மாட்டினார்கள். அதனால் கதவு கனம், மேலே தூக்க முடியாது, வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில்தான் திறக்கும். குரோம்பேட்டை, சேலையூர் சந்துகளில் பின்பக்கம் சுவரை ஒட்டி நிறுத்திவிட்டால் கூடாரத்தை எடுக்க வண்டியை ஸ்டார்ட் பண்ணி முன்னால் நகர்த்த வேண்டும்.