ஆறு மாசத்துல காலாவதியாகுற லைசென்ஸ்: குமாரமங்கலத்துல இருந்து மன்ஹைம் வரைக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு தோல்வியில இருந்து ஆரம்பிக்கிறேன்.

இங்க ஜெர்மனியில, மன்ஹைம் பக்கத்துல, என்னோட முதல் டிரைவிங் டெஸ்ட். பக்கத்து சீட்ல பயிற்சியாளர், பின் சீட்ல தேர்வு அதிகாரி. வீடுகள் நெருக்கமா இருக்கிற தெரு. 30 கிலோமீட்டர் வேகம்தான் அனுமதி, நான் 25-ல போயிட்டு இருக்கேன். ஒரு சின்ன நாலுமுக்கு வந்துச்சு. சிக்னல் இல்லை, போர்டும் இல்லை. வலது பக்கத் தெருவுல இருந்து ஒரு கார் வந்தது. நான்தான் நேரா போறேனே, அவர் நின்னுக்குவார்னு நினைச்சேன். பயிற்சியாளர் தன் காலடியில இருக்கிற பிரேக்கை மிதிச்சுட்டார். பயிற்சியாளர் பிரேக்குல கால் வைச்சா டெஸ்ட் முடிஞ்சதுன்னு அர்த்தம். ஃபெயில்.

அப்போ என் பர்ஸ்ல டி.என். 28-ன்னு ஆரம்பிக்கிற லைசென்ஸ் இருந்தது. நாமக்கல் ரிஜிஸ்ட்ரேஷன். தேதிப்படி இன்னும் பல வருஷம் செல்லும். ஆனா ஜெர்மனியில குடியேறி ஆறு மாசம் ஆயிட்டா, இங்க வண்டி ஓட்ட அது உதவாது. ஏழாவது மாசம் அந்தக் கார்டை நம்பி ஓட்டினா, லைசென்ஸ் இல்லாம ஓட்டின கணக்கு. அது இங்க அபராதத்தோட முடியுற விஷயமில்லை, கிரிமினல் குற்றம்.

நேத்து வரைக்கும் ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு இன்னைக்குத் திடீர்னு மறந்தா போயிடும்? இதுதான் என்னைக் குடைஞ்ச கேள்வி. தோண்டினா, பதில்ல பாதி நம்ம சேலம், நாமக்கல் பக்கமே வந்து நின்னுது.

லைசென்ஸ்னா முதல்ல என்ன?

உலகத்துலயே முதல் லைசென்ஸ்னு பொதுவா சொல்றது, நான் இப்போ இருக்கிற இதே ஊர்க்காரருக்குக் கிடைச்சது. மன்ஹைம்ல காரை உருவாக்கின கார்ல் பென்ஸ், சோதனை ஓட்டத்துக்கு அனுமதி வேணும்னு கேட்டார். 1888-ல பாடன் அரசு எழுத்து மூலமா அனுமதி கொடுத்தது. அவருக்கு யாரும் டெஸ்ட் வைக்கலை. வைக்கிறதுக்கு ஓட்டத் தெரிஞ்ச வேற ஆளும் இல்லை! அதே ஆகஸ்ட்ல அவர் மனைவி பெர்த்தா, கணவர்கிட்டகூடச் சொல்லாம, ரெண்டு பசங்களோட மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் 100 கிலோமீட்டர் போல ஓட்டிட்டுப் போனாங்க. அந்தம்மாகிட்ட எந்த அனுமதியும் இல்லை.

ஆரம்பத்துல லைசென்ஸ்ங்கிறது ‘இந்த ஆள் ஓட்டுறது அரசுக்குத் தெரியும்’னு சொல்ற பதிவு, அவ்வளவுதான். பிரிட்டன்ல 1903 சட்டப்படி 5 ஷில்லிங் கட்டினா லைசென்ஸ். டெஸ்ட் கிடையாது. 1934-ல அங்க சாலை விபத்துல மட்டும் 7,000 பேருக்கு மேல செத்தாங்க. அதுக்கப்புறம்தான், 1935-ல, டெஸ்ட் கட்டாயமாச்சு. அதாவது ‘இவருக்கு ஓட்டத் தெரியும்’னு அந்தச் சீட்டு சொல்ல ஆரம்பிச்சது பின்னாடிதான்.

இந்தியாவுக்கு முழுசுக்குமான மோட்டார் வாகனச் சட்டம் 1914-ல வந்தது. அப்புறம் 1939 சட்டம். இப்போ இருக்கிறது 1988 சட்டம், 1989 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கு.

சுற்றுலாக்காரங்களுக்காக எழுதின ஒப்பந்தம்

இனி எல்லை தாண்டுற கதை. ஐரோப்பாவுல காலையில கிளம்பினா மத்தியானம் வேற நாடு. ஒவ்வொரு எல்லையிலயும் புது லைசென்ஸ் எடுக்க முடியுமா? அதுக்காக 1909-லயும் 1926-லயும் பாரிஸ்ல ஒப்பந்தங்கள் போட்டாங்க. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம், 1949 செப்டம்பர் 19-ல, ஜெனீவா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தம். நாம ஐ.டி.பி.ன்னு சொல்ற சர்வதேச ஓட்டுநர் அனுமதி, அந்தச் சாம்பல் நிற அட்டை போட்ட சின்னப் புத்தகம், இந்த ஒப்பந்தத்துல வர்ற மாதிரிதான்.

ஒப்பந்தம் சொல்றது இதுதான். ஒரு உறுப்பு நாடு ஒருத்தரோட திறமையைச் சோதிச்சு லைசென்ஸ் கொடுத்திருந்தா, இன்னொரு உறுப்பு நாடு மறுபடி டெஸ்ட் வைக்காம அவரை ஓட்ட விடணும். கேட்க நல்லா இருக்கு. ஆனா முதல் பிரிவுலயே ஒரு முடிச்சு வெச்சிருக்காங்க: தொடர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல தங்கிட்டவருக்கு இந்தச் சலுகையைக் கொடுக்க எந்த நாட்டுக்கும் கட்டாயம் இல்லை.

ஜெர்மனி இந்த 1949 ஒப்பந்தத்துல இல்லை. அது சேர்ந்தது 1968 வியன்னா ஒப்பந்தத்துல. அங்க இன்னும் வெளிப்படையா இருக்கு: லைசென்ஸ் வாங்கினதுக்கு அப்புறம் ஒருத்தர் குடியிருப்பையே இங்க மாத்திக்கிட்டா, அவரோட பழைய லைசென்ஸை ஏத்துக்க வேண்டியதில்லை.

இதைப் படிச்சப்போதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் வந்துட்டுத் திரும்பிப் போறவங்களுக்காக எழுதினது. ரெண்டு வாரம் லீவுல வர்றவர் ஓட்டலாம். அங்கயே வேலை பார்த்து, வரி கட்டி, வீடு எடுத்துத் தங்குறவர் ஓட்டக்கூடாது. ஓட்டத் தெரியுமா தெரியாதாங்கிற கேள்வியே அங்க இல்லை. நீ விருந்தாளியா, குடித்தனக்காரனாங்கிறதுதான் கேள்வி.

குமாரமங்கலத்துக்காரர்

இந்தியா 1949 ஒப்பந்தத்துல அன்னைக்கே கையெழுத்துப் போட்டது. ஆனா முறைப்படி உறுதி செஞ்சது 1962 மார்ச் 9-ல. அப்போ மத்திய போக்குவரத்து, தகவல் தொடர்பு அமைச்சர் யாருன்னு தேடிப் பார்த்தேன். டாக்டர் ப. சுப்பராயன்! திருச்செங்கோடு பக்கத்துல இருக்கே குமாரமங்கலம், அதோட ஜமீன்தார்.

எங்க ஊர்ல இருந்து ஒரு பஸ் தூரம். சின்ன வயசுல அந்தப் பேரைக் கேட்டா ராணுவத் தளபதியா இருந்த அவரோட மகன் பி.பி. குமாரமங்கலம்தான் ஞாபகத்துக்கு வருவார். சுப்பராயன் ஆக்ஸ்ஃபோர்டுல படிச்சவர். 1926-ல இருந்து 1930 வரைக்கும் சென்னை மாகாணத்தோட முதன்மை அமைச்சர். 1957-ல திருச்செங்கோடு தொகுதி எம்.பி. 1959-ல இருந்து போக்குவரத்து அமைச்சர். 1962 ஏப்ரல்ல மகாராஷ்டிர ஆளுநராப் போய், அதே வருஷம் அக்டோபர்ல காலமானார்.

அவர் காலத்துல வெளிநாடு போறவங்கன்னா பெரும்பாலும் படிச்சுட்டுத் திரும்பி வர்றவங்க. அவங்களுக்கு அந்த ஒரு வருஷம் பெரிய விஷயமா இருந்திருக்காது. நம்ம பக்கத்துல இருந்து டிரைவரும் நர்ஸும் சாஃப்ட்வேர்க்காரனும் வெளிநாட்டுக்கே குடிபோற காலம் அதுக்கப்புறம்தான் வந்தது.

யாரோட பரீட்சையை யார் நம்புறாங்க?

ஒப்பந்தம் கைவிட்ட இடத்துல, ஒவ்வொரு நாடும் சொந்தமா ஒரு பட்டியல் வெச்சுக்குது. அந்தப் பட்டியல்ல இருக்கிற நாட்டு லைசென்ஸைக் கொடுத்துட்டு, டெஸ்ட் இல்லாமலோ பாதி டெஸ்ட்லயோ உள்ளூர் லைசென்ஸ் வாங்கிக்கலாம். பிரிட்டன் பட்டியல்ல சிங்கப்பூர் இருக்கு, பார்படோஸ் இருக்கு, ஜிம்பாப்வே இருக்கு. இந்தியா இல்லை. அங்க நமக்கு 12 மாசம், அப்புறம் முதல்ல இருந்து. ஜெர்மனி பட்டியல்லயும் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு, கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு, எல்லாம் உண்டு.

என் வேலையில இதுக்கு நேர் உதாரணம் இருக்கு. ஒரு இணையதளத்தோட சர்டிஃபிகேட்டை உங்க பிரவுசர் நம்புறது, அந்தத் தளம் நல்லதா கெட்டதான்னு பார்த்து இல்லை. சர்டிஃபிகேட் கொடுத்தவர் தன் பட்டியல்ல இருக்காரான்னு பார்த்து. லைசென்ஸும் அப்படித்தான். என்னை யாரும் சந்தேகப்படலை. என்னைச் சோதிச்ச பரீட்சையைத்தான் நம்பலை.

முதல்ல எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் என் பரீட்சையை நினைச்சுப் பார்த்தேன்.

காலேஜ் முடிச்ச வருஷம். எந்த அலுவலகம்ங்கிறது வேண்டாம். டிரைவிங் ஸ்கூல்காரர் வரிசையில நிக்க வெச்சார். பைக்ல எட்டு போட்டேன். கார்ல கொஞ்சம் முன்னாடி, கொஞ்சம் பின்னாடி. பிரேக் இன்ஸ்பெக்டர் நிழல்ல உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுட்டு இருந்தார். ரோட்டுக்கே போகலை. மொத்தம் அஞ்சு நிமிஷம் இருக்கும். இங்க ஓட்டும் தேர்வு 55 நிமிஷம்.

பெரியப்பாவோட 20 வருஷம்

ஆனா இதை ‘நம்ம ஆளுங்களுக்கு ஓட்டத் தெரியாது’ன்னு முடிச்சா அது பொய். உலகத்துக்கே வண்டி ஓட்டிக் காட்டுற பூமிங்க நம்மது. நாமக்கல்ல 1950-கள்ல இருந்து லாரிக்குப் பாடி கட்டுறாங்க. சங்ககிரியில லாரி, திருச்செங்கோட்டுல போர்வெல் ரிக், நாமக்கல்ல கேஸ் டேங்கர். மானாவாரி நிலத்தை நம்பி முடியாதுன்னு தெரிஞ்ச குடும்பங்கள் லாரியை நம்பினாங்க.

எங்க பெரியப்பாவும் அப்படித்தான். 16 வயசுல கிளீனரா ஏறினார். டயர் கழட்டி மாட்டி, தார்ப்பாய் கட்டி, ராத்திரியில டிரைவர் கண்ணசரும்போது ரோடு பார்த்து, காலி ரோட்டுல ஸ்டியரிங் வாங்கிப் பழகினார். பேட்ஜ் எடுத்து 20 வருஷம் குஜராத், அசாம்னு ஓட்டினார். தொப்பூர் கணவாய் இறக்கத்துல லோடு வண்டியை எந்த கியர்ல விடணும்னு எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லலை.

43 வயசுல அரபு எமிரேட்ஸ் போனார். அங்கயும் குடியிருப்பு விசா வந்துட்டா நம்ம லைசென்ஸ் செல்லாது. வகுப்புக்குப் பணம் கட்டி, தன் மகன் வயசுப் பையன்கிட்ட ஸ்டியரிங் பிடிக்கக் கத்துக்கிட்டார். நாலாவது தடவைதான் பாஸ். அது வரைக்கும் டிரைவர் சம்பளம் இல்லை, ஹெல்பர் சம்பளம்தான்.

நான் ஃபெயில் ஆன அன்னைக்கு அவருக்குத்தான் போன் பண்ணினேன். “கண்ணு, உனக்கு ஓட்டத் தெரியும்னு நினைக்கிறே பாரு, அதைக் கழட்டி வெச்சுட்டுப் போ. எனக்கு அதுக்குத்தான் மூணு தடவை ஆச்சு”ன்னார்.

அவர் சொன்னதோட அர்த்தம் எனக்குப் பின்னாடிதான் பிடிபட்டது. அவருக்கு இருந்தது திறமை. அதைச் சோதிச்சு, எழுதி வெச்சு, இன்னொரு நாடு நம்புற மாதிரி ஆக்கித் தர வேண்டியது நம்ம பரீட்சை. அது அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சதால, நல்லா ஓட்டுறவருக்கும் ஓட்டவே தெரியாதவருக்கும் ஒரே கார்டு. வெளிநாட்டுக்காரனால ரெண்டையும் பிரிச்சுப் பார்க்க முடியலை. அதுக்கான விலையை எங்க பெரியப்பா கட்டினார்.

நான் ஃபெயில் ஆன விதி

போர்டு இல்லாத சந்திப்புல வலது பக்கம் இருந்து வர்றவருக்குத்தான் முதல் உரிமை. இதை ஜெர்மனிக்காரங்க கண்டுபிடிச்ச விநோதம்னு நினைச்சுட்டு இருந்தேன்.

இந்த எபிசோடுக்காக, 2017 வரைக்கும் நடைமுறையில இருந்த நம்ம 1989 சாலை விதிமுறைகளைப் புரட்டினேன். ஒன்பதாவது விதி: பிரதான சாலைன்னு அறிவிக்கப்பட்ட ரோட்டுல நுழையும்போது அதுல போற வண்டிக்கு வழிவிடணும். மத்த எந்தச் சந்திப்பா இருந்தாலும், வலது பக்கம் இருந்து வர்ற வண்டிக்கு வழிவிடணும்.

அதே விதி! எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து நான் ஃபெயில் ஆனது, எங்க ஊர்லயே சட்டமா இருந்த ஒண்ணுல. எட்டு போட்ட அன்னைக்கு யாரும் கேட்கலை, நானும் படிக்கலை. ராசிபுரத்துல எந்த முக்குலயாவது இதுக்காக யாராவது நின்னு பார்த்திருக்கீங்களா? பெரிய வண்டி போகும், அப்புறம் ஹாரன் அடிச்சவர் போவார்.

கிளம்பறவங்களுக்கு

ரெண்டாவது தடவை பாஸ் பண்ணினேன். பழைய கார் ஒண்ணு வாங்கினேன். இங்க இன்ஷூரன்ஸ் உறுதி எண் கையில இல்லாம ரிஜிஸ்ட்ரேஷனே பண்ண முடியாது. நம்பர் பிளேட்ல ஊர் எழுத்து முதல்ல வருது. நம்ம டி.என். 28, டி.என். 34 மாதிரியேதான், பார்த்ததும் எந்த ஊர் வண்டின்னு சொல்லிடலாம்.

வெளிநாடு போறவங்களுக்கு மூணு விஷயம். ஒண்ணு, ஐ.டி.பி. ஊர்லயே எடுத்துட்டுப் போங்க. ஆனா அது ஒரு வருஷத்துக்குத்தான், அதுவும் உங்க இந்திய லைசென்ஸோட சேர்த்துக் காட்டினாத்தான் மதிப்பு. ரெண்டு, போற நாட்டுல குடியேறின தேதியில இருந்து எத்தனை மாசம் ஓட்டலாம்னு முதல் வாரமே பாருங்க. கடைசி மாசத்துல ஆரம்பிச்சா நேரம் பத்தாது. மூணு, உங்க ஊர் விதிப் புத்தகத்தை ஒரு தடவையாவது படிங்க. நான் படிச்சிருந்தா ஒரு டெஸ்ட் ஃபீஸ் மிச்சம்.

ஜெர்மன் லைசென்ஸ் வாங்கப் போன அன்னைக்கு, கவுன்டர்ல இருந்த அம்மா கையை நீட்டினாங்க. பழசைக் கொடுத்தாத்தான் புதுசு, அதுதான் இங்க சட்டம். டி.என். 28 கார்டைக் கொடுத்துட்டு, வெளிய வந்து பெரியப்பாவுக்கு போட்டோ அனுப்பினேன். “லோடு வண்டியும் ஓட்டலாமா?”ன்னு கேட்டார். “இல்லைங்க பெரியப்பா, கார் மட்டும்தான்”னேன். “அப்போ இன்னும் பாதி லைசென்ஸ்தான்”னுட்டு வெச்சுட்டார்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம். வெளிநாட்டுல லைசென்ஸ் எடுத்த உங்க கதை இருந்தா அனுப்புங்க. முக்கியமா, எத்தனாவது தடவைல பாஸ் பண்ணினீங்கங்கிறதை மறைக்காம சொல்லுங்க.